கொட்டகலைக் குளிரில் பெப்பரோமியா இலை கொட்டுகிறது: ஈரப்பதம் போதாதா, கூடிவிட்டதா?

கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் விடுமுறைக்கு முன்பு பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா கூட்டிப்போனோம். திரும்பும் வழியில் ரோட்டோர நேசரி ஒன்றில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மூன்று குட்டிச் செடி வாங்கினேன். ஒன்று, தர்பூசணித் தோல் மாதிரிக் கோடு விழுந்த உருண்டை இலைப் பெப்பரோமியா. இரண்டாவது, கரும்பச்சையில் சுருக்கம் சுருக்கமாக இலை விடுகிற இன்னொரு பெப்பரோமியா. மூன்றாவது வெள்ளை நரம்பு ஓடுகிற ஃபிட்டோனியா. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லார் இஸ்தோப்பிலும் பால்மா டின்னில் அந்தூரியம்தான் நிற்கிறது. அது அவர்களுக்கு, எனக்கு வேண்டாம். விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் மேசையில் அடங்குகிற அளவில், பூக்காவிட்டாலும் இலைக்காகவே பார்க்கிற செடி வேண்டும் என்றுதான் இவற்றை எடுத்தேன்.

மே மாதம் வரைக்கும் மூன்றும் சொன்ன பேச்சுக் கேட்டன. ஜூனில் மழை பிடித்ததிலிருந்து கோடு போட்டதன் அடி இலைகள் மஞ்சளாகி, காம்பு கொழகொழவென்று ஆகி, தொட்டால் கையோடு வருகின்றன. சுருக்க இலைக்காரிக்கு இலையின் அடிப்பக்கம் தவிட்டு நிறத்தில் பொட்டுப் பொட்டாகச் சொரசொரப்பு. ஃபிட்டோனியாவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, குதூகலமாகப் பரவுகிறது.

அதே நாளில் அதே கடையில் என் தங்கச்சியும் இதே மூன்றை வாங்கினாள். அவள் பதுளையில் இருக்கிறாள். நான் ஊற்றுகிற அளவுக்குத்தான் அவளும் ஊற்றுகிறாள். அவளுடையது பிள்ளை வளர்த்தியாக வளர்ந்து நிற்கிறது, படம் வேறு அனுப்பி வெறுப்பேற்றுகிறாள்.

யூடியூப்பில் பார்த்தால் ஆளாளுக்கு ஈரப்பதம், ஈரப்பதம் என்கிறார்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளி, கூழாங்கல் போட்ட தட்டில் வை என்று. இங்கே நெருப்புப்பெட்டியே நமுத்துப் போய்விடுகிறது. துவைத்த துணி அடுப்பங்கரைக் கொடியில் காய்ந்தால்தான் உண்டு. இதற்கு மேல் ஈரப்பதத்துக்கு நான் எங்கே போக? மேசை மணிக்கூட்டில் இருக்கிற வெப்பமானி விடியற்காலையில் 15, 16 காட்டுகிறது. ஒரே ஒரு ஜன்னல், வடக்குப் பார்த்தது. தேயிலைச் சக்கையைப் போடு, எல்லாம் சரியாகும் என்கிறார் அம்மா.

இன்னொன்றும் கேட்கவேண்டும். தங்கச்சி மகனுக்கு இரண்டு வயது, கையில் அகப்பட்டதை வாயில் வைப்பான். ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறார்கள். இந்தச் செடிகளில் நஞ்சு ஏதும் உண்டா?


மாடித்தோட்டம் கண்டி:

டீச்சர், வேர் அழுகல்தான். சட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், வேர் கறுப்பாக இருக்கும். புது மண்ணுக்கு மாற்றி, வாரம் ஒருமுறை மட்டும் தண்ணீர் விடுங்கள். நான் பெப்பரோமியா எல்லாவற்றுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஊற்றுவேன், ஒன்றும் ஆனதில்லை.


ஊவாக்காரி, பண்டாரவளை:

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு கண்டிக்குச் சரி தம்பி, டீச்சருக்குச் சரிவராது. எனக்கும் சரிவராது.

பண்டாரவளையும் உங்களுக்குப் பக்கத்து அட்டனும் கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்குச் சற்று மேலேதான். உயரம் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஜூன், ஜூலையில் இரண்டும் வேறு வேறு தேசம். தென்மேற்குப் பருவ மழை முழுவதையும் அட்டன், கொட்டகலை, மஸ்கெலியாப் பக்கம் இறக்கிவிட்டு, வெறும் காற்றாக எங்கள் பக்கம் வருகிறது. என் வீட்டு ஃபிட்டோனியா இந்த மாதங்களில் காலையில் நிமிர்ந்து நிற்கும், பின்னேரம் மயங்கி விழுந்து கிடக்கும். தண்ணீர் காட்டினால் அரைமணியில் எழும்பிவிடும். மரந்தா என்று இன்னொரு இலைச்செடி வைத்திருக்கிறேன், அதன் இலை ஓரம் காய்ந்து சுருளும். நான் தண்ணீர்த் தட்டும் வைக்கிறேன், தெளிக்கவும் தெளிக்கிறேன், எனக்கு அது தேவை. உங்களுக்கு மழை விட்டு வெயில் வருகிற மார்கழி, தையில் வடகீழ்ப் பருவ மழை எங்களைப் பிடிக்கும். அப்போது நீங்கள் இப்போது படுகிற பாட்டை நான் படுவேன்.

அதனால் நாள் பார்த்து ஊற்றுவதை விடுங்கள் டீச்சர். சட்டியைக் கையில் தூக்குங்கள். தண்ணீர் விட்ட கையோடு எவ்வளவு பாரம், காய்ந்தபோது எவ்வளவு பாரம் என்று கைக்குப் பழகிவிடும். பெப்பரோமியா இலையை இரண்டு விரலால் மெல்ல மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, ஊற்றவேண்டாம். கொஞ்சம் தளர்ந்து வளைந்தால் ஊற்றலாம். ஃபிட்டோனியாவுக்கு இந்தச் சேமிப்பு கிடையாது, மெல்லிய இலை, அது காயவே கூடாது. ஒரே மேசையில் ஒரே அளவு ஊற்றினால் ஒன்று சிரிக்கும், மற்றது அழும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளை விஷயம்: பெப்பரோமியா, ஃபிட்டோனியா, மரந்தா மூன்றும் நஞ்சில்லாதவை என்றுதான் எண்ணப்படுகின்றன. கடித்துத் துப்பினால் பயப்படத் தேவையில்லை, மண்ணைத் தின்னாமல் மட்டும் பாருங்கள். கவனிக்கவேண்டியது டிபன்பேக்கியா, மணி பிளான்ட், அக்லோனிமா, அப்புறம் உங்கள் அயலவர் இஸ்தோப்பில் வரிசையாக நிற்கிற அந்தூரியம். இந்தச் சேம்புக் குடும்பத்துச் செடிகளில் கல்சியம் ஒக்சலேட் ஊசிப் பளிங்குகள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளை தவழத் தொடங்கியதும் டிபன்பேக்கியாவை நான் மதிலுக்கு வெளியே வைத்துவிட்டேன்.


நேசரி வேலை, தலவாக்கலை:

டீச்சர், நான் தோட்டத்துத் தேயிலை நேசரியில் வேலை. வீட்டில் மனைவி இந்தச் சின்னச் செடிகளில் ஒரு பத்துப் பதினைந்து வகை வைத்திருக்கிறாள், அவளுக்கு எடுபிடியும் நான்தான். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் மழையில் பெரிய வித்தியாசம் கிடையாது. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தங்கச்சி வீட்டுக் கதை. பதுளை ஏறக்குறைய 680 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக உங்கள் அறை அவளுடையதைவிட மூன்று நாலு பாகை குளிர், அதோடு நாள் முழுக்க மப்பு. பெப்பரோமியாவுக்கு 18 முதல் 24 பாகை வரைக்கும் சுகம். 15, 16இல் அது செத்துவிடாது, ஆனால் வேலையை நிறுத்திவிடும். வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை என்றால் இலை தண்ணீரை இழுக்காது. நீங்கள் ஊற்றிய தண்ணீர் சட்டிக்குள்ளேயே குளிர்ந்து நிற்கும். அந்த ஈரத்தில் பித்தியம் மாதிரியான அழுகல் கிருமிகளுக்கு நல்ல வேட்டை. அதே அளவு தண்ணீரைத் தங்கச்சியின் செடி குடித்து முடித்துவிடுகிறது. செடியும் ஒன்று, கையும் ஒன்று, உயரம்தான் வேறு.

சுருக்க இலையின் அடியில் வந்த சொரசொரப்பு நோய் இல்லை. வேர் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கிறது, வெளிக்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இலை அதை வெளியே விட முடியவில்லை. உள்ளே கலங்கள் வீங்கி வெடித்து, ஆறின இடம் தக்கை மாதிரித் தடித்துவிடும். பக்கத்துச் செடிக்குத் தொற்றாது. வந்த பொட்டு மறையவும் மறையாது, புது இலை சுத்தமாக வந்தால் போதும். இதற்கு மருந்து அடிக்கச் சொல்லி யாராவது விற்கவந்தால் காசைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் தெளிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஈரப்பதம் பற்றி அந்த வீடியோக்காரர்கள் சொல்வது ஏசி போட்ட அறைக்கும், ஹீட்டர் போட்டுக் காற்றைக் காயவைக்கிற குளிர்நாட்டு வீட்டுக்கும். நமக்குத் தேவை நேர் எதிர்: கொஞ்சம் காற்றோட்டம், கொஞ்சம் சூடு, கூடுதல் வெளிச்சம்.

வெளிச்சத்தில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. தெற்கு ஜன்னல்தான் நல்லது என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும். அது ஐரோப்பா, அமெரிக்காவில் இருக்கிறவர்கள் எழுதியது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து வடக்கே போகிறது, செப்டெம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி நம்மைக் கடக்கிறது. ஆக, மழை மாதங்கள் முழுக்க நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கம். முகில் விலகுகிற நேரமெல்லாம் உங்கள் ஜன்னலுக்குத்தான் வெளிச்சம். மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போடுங்கள். ஒரு மீற்றர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், நம் கண்ணுக்கு அது தெரியாது. இரவில் மட்டும் கண்ணாடியில் இலை தொடாமல் இருக்கட்டும், கண்ணாடி சில்லிட்டுப் போகும்.

இன்னும் போதாவிட்டால் மேசை விளக்கில் 12 வாட் வெள்ளை எல்ஈடி பல்ப் ஒன்று போட்டு, செடிக்கு மேலே ஒரு அடி உயரத்தில் வைத்து, பகலில் 12 மணித்தியாலம் எரியவிடுங்கள். மாதத்துக்கு நாலரை யூனிட்டுக்குள் அடங்கும். பில் அடுத்த படிக்கு ஏறுகிற எல்லையில் இருக்கிறீர்களா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

மண்தான் அடுத்த சிக்கல். நேசரிகளில் செடி வருவது பெரும்பாலும் பொடித் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்ததில். கீழ்நாட்டுச் சூட்டுக்கு அது சரி. கொட்டகலையில் அது ஜூனில் நனைந்தால் ஆகஸ்டிலும் நனைந்தபடியே இருக்கும். அதற்காகத் தேயிலை மலையிலிருந்து மண் அள்ளிக்கொண்டு வந்துவிடாதீர்கள், பலர் செய்கிறார்கள். அது தேயிலைக்கு ஏற்ற புளித்த மண், பிஎச் 4.5 முதல் 5.5க்குள். சட்டியில் போட்டால் செங்கல்லாக இறுகும். மனைவி போடுகிற கலவை இது: கழுவின தும்புத்தூள் இரண்டு பங்கு, கழுவின பருமணல் ஒரு பங்கு, பயறு அளவுக்கு உடைத்த சிரட்டைக்கரி ஒரு பங்கு, பழைய கூட்டெரு அரைப் பங்கு. டொலமைட் சுண்ணாம்புத் தூள் ஒரு சிட்டிகை. தும்பைக் கழுவச் சொல்வது அதில் உப்பு இருக்கும் என்பதால். பேர்லைட் என்கிற இலேசான வெள்ளைக் கல் கிடைத்தால் மணலுக்குப் பதில் போடலாம், ஆனால் டவுன் கடைகளில் அது விற்கிற விலைக்குக் கரியே மேல்.

பெப்பரோமியா மிளகு, வெற்றிலைக் குடும்பம். காட்டில் பல வகைகள் மரக்கிளைப் பாசியில், கல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. மெல்லிய வேர், அதுவும் மேலோட்டமாக. அதற்குப் பெரிய சட்டி கொடுப்பது நன்மை இல்லை. அடியில் ஓட்டை போட்ட யோகட் கப்பே போதும். நான் மண்சட்டியில் வைக்கிறேன், பக்கவாட்டிலும் காயும்.

தேயிலைச் சக்கை பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. தேயிலை ஊரில் பிறந்துவிட்டு இதைச் சொல்வது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. கூட்டெருக் குழியில் போட்டால் அருமையான பசளை. வீட்டுக்குள் சட்டியின் மேல் ஈரத்தோடு போட்டால் பூஞ்சணம் பூக்கும், சின்னக் கறுப்பு ஈ மொய்க்கும், அதன் புழு மண்ணுக்குள் இளம் வேரைக் கடிக்கும். பசளை கொடுக்கவேண்டும் என்றால் அல்பேட் கரைசலைப் பாக்கெட்டில் சொன்னதில் கால்வாசி வீரியத்தில், புது இலை வருகிற காலத்தில் மட்டும். இப்போது வேண்டாம்.


நுவரெலியா மேல் வீதி:

ஒரு சின்னக் குறிப்பு. எங்கள் ஊர் 1868 மீற்றர், தை மாதத்தில் சில விடியற்காலை புல்லில் துகள் பனி நிற்கும். அக்லோனிமா, கலாத்தியா இரண்டையும் இங்கே ஹீட்டர் இல்லாத அறையில் வைக்க முயல்வது பணத்துக்குக் கேடு. பெப்பரோமியாவில் தடித்த மழமழப்பு இலைக்காரன் ஒப்டுசிஃபோலியா தாக்குப்பிடிக்கும், தண்ணீரைக் குறைத்தால். ஐவியும் ஸ்பைடர் பிளான்டும் குளிரைப் பொருட்படுத்துவதே இல்லை. டீச்சர் அடுத்த செடி வாங்குகிறபோது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.


ஊவாக்காரி, பண்டாரவளை:

நேசரித் தம்பி சொன்னதில் மண்சட்டியை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? சுவரில் கசிந்து ஆவியாவதால்தானே. ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கிற வேரை இன்னும் குளிரவைப்பானேன்? அதோடு அந்தப் பக்கம் மண்சட்டி வெளியே முழுக்கப் பாசி பிடித்து, கடைசியில் ஈரமும் விடாது. பிளாஸ்டிக் கப், பக்கவாட்டிலும் சூட்டுக் கம்பியால் ஓட்டை. சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.


நேசரி வேலை, தலவாக்கலை:

பாசி விஷயம் உண்மை அக்கா. எங்கள் வீட்டில் சட்டி நிற்பது அடுப்புச் சுவருக்குப் பின்புறம், அதனால் காய்ந்துவிடுகிறது. டீச்சர் அறையில் நெருப்பு இல்லை என்றால் பிளாஸ்டிக்கே வைக்கட்டும்.


கொட்டகலை டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. எடுத்துப் பார்த்துவிட்டேன். கோடு போட்டதன் வேரில் பாதிக்கு மேல் கறுத்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வருகிறது. மேலே நல்ல இலை ஐந்து இருக்கிறது. சுருக்க இலைக்காரிக்கு வேர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் போல. நேசரி அண்ணன் சொன்ன கலவைக்கு மணலும் கரியும் ரெடி, தும்புத்தூளை இரண்டு தரம் கழுவிக் காய வைத்திருக்கிறேன். காய்ந்தால்தானே!

இரண்டு கேள்வி. ஒன்று, எங்களுக்கு மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர்தான், கையை வைத்தால் விறைக்கும். அதை அப்படியே ஊற்றலாமா? இரண்டு, அந்த ஐந்து இலையிலிருந்து புதுச் செடி எடுக்க முடியுமா, இந்த மழையிலேயே?

ஃபிட்டோனியாவுக்கு மட்டும் என்ன இவ்வளவு கொண்டாட்டம் என்று இப்போது விளங்குகிறது. அதை ஜாம் போத்தலுக்கு மாற்றலாம் என்று தங்கச்சி சொல்கிறாள்.


நேசரி வேலை, தலவாக்கலை:

பீலித் தண்ணீர் நல்ல மென்தண்ணீர், குளோரின் இல்லை. வாளியில் பிடித்து இரவு முழுக்க அறைக்குள் வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். ஆபிரிக்கன் வயலட் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும், சில்லென்ற தண்ணீர் இலையில் பட்டால் வெளிறின வளையம் விழும்.

இலைக்கு வருகிறேன், இது என் தொழில். தேயிலையில் நாங்கள் ஒரு இலை, அதோடு கொஞ்சம் தண்டு, அவ்வளவைத்தான் வெட்டிப் பொலித்தீன் உறையில் நடுகிறோம். டீஆர்ஐ 2025 மாதிரித் தேயிலை இனங்கள் மலை மலையாக நிற்பது இப்படி ஒற்றை இலையில் தொடங்கித்தான். ஆனால் தேயிலைக்குக் கணுவில் மொட்டு இருக்கவேண்டும். உங்கள் பெப்பரோமியாவுக்கு மொட்டுக்கூட வேண்டாம், இலையின் நரம்பிலிருந்தே புதுச் செடி முளைக்கும்.

அழுகாத இலையாகப் பார்த்து, சுத்தமான பிளேடால் காம்பு இரண்டு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். இரண்டு இலையைக் காம்போடு செருகுங்கள். மீதியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டின விளிம்பு கீழே இருக்கும்படி அரை சென்ரிமீற்றர் புதைத்து நிறுத்துங்கள், விளிம்பு நரம்புகளில் வரிசையாகக் குட்டி வரும். நடுவதற்கு முன்பு வெட்டுவாய் ஒரு மணித்தியாலம் காயட்டும். மணலும் தும்புத்தூளும் சரிபாதி, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. மேலே ஒரு வெளிப்படையான போத்தலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, மூடியைக் கழற்றி வையுங்கள். நாங்கள் நேசரியில் பொலித்தீனை இறுக்கி மூடுவோம், தேயிலை இலை மெலிசு, வாடிவிடும். பெப்பரோமியா இலையில் சொந்தமாகத் தண்ணீர் இருக்கிறது, இறுக்கி மூடினால் அழுகும்.

மழையிலேயே செய்யவேண்டியதுதான், தாய்ச்செடி காத்திருக்காது. ஆனால் அந்தப் பல்புக்குக் கீழே வையுங்கள். சூடு கிடைத்தால் ஆறேழு வாரத்தில் வேர், குட்டி இலை எட்டிப்பார்க்க இன்னும் ஒரு மாதம் போகலாம். ஒவ்வொரு நாளும் தோண்டிப் பார்க்கிற ஆள்தான் இதற்குப் பெரிய நோய்.

நுவரெலியாக்காரர் சொன்ன தடித்த இலையில் மஞ்சள் ஓரம் உள்ளதை வாங்கினால், அதை இலையில் எடுக்காதீர்கள். குட்டி வெறும் பச்சையாக வரும். அதற்குத் தண்டுத் துண்டு வேண்டும்.

ஃபிட்டோனியாவை ஜாம் போத்தலில் போடலாம், அடியில் கரி பரப்பி. நேர் வெயில் படாமல் வையுங்கள், போத்தலுக்குள் வெந்துபோகும். உட்சுவரில் நாள் முழுக்கத் துளி நின்றால் மூடியை ஒரு பகல் திறந்து வையுங்கள்.


மாடித்தோட்டம் கண்டி:

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை நான் இனிமேல் கண்டிக்கு மட்டும் என்று போட்டுக்கொள்கிறேன். டீச்சர், இலை பிழைக்காவிட்டால் சொல்லுங்கள். அட்டன் போகிற பஸ்ஸில் ஒரு குட்டியை ஏற்றிவிடுகிறேன், என்னிடம் கோடு போட்டது நிறைய இருக்கிறது.


கொட்டகலை டீச்சர்:

ஏற்றிவிடுங்கள் தம்பி, இது பிழைத்தாலும் பரவாயில்லை. பதிலுக்கு ஃபிட்டோனியா தருகிறேன், இங்கே அதற்குத்தான் பஞ்சம் கிடையாது.